கட்சி நிலைப்பாடு மாறினால் தொண்டர் கருத்தும் ஏன் மாறுகிறது?

கேள்வி:
கொள்கையைப் பார்த்துக் கட்சியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வரியை வாய் வலிக்கத் திட்டியவர், தன் கட்சி ஆட்சிக்கு வந்து அதையே கொண்டுவந்ததும் “நாட்டுக்கு வேற வழியில்லை” என்கிறார். அவர் பொய் சொல்கிற மாதிரியும் தெரியவில்லை, மனசாரத்தான் பேசுகிறார். இதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

பதில் 1:
உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003ல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஏழைகளுக்கான உதவித் திட்டம் ஒன்றைக் காட்டினார், சிலருக்குத் தாராளமான திட்டம், சிலருக்குக் கறாரானது. கட்சிப் பெயர் இல்லாதபோது அவரவர் கொள்கைக்கு ஏற்றபடிதான் பதில் வந்தது. இன்ன கட்சி ஆதரிக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்ததும் கதை மாறிவிட்டது, தாராளமோ கறாரோ, தங்கள் கட்சி சொன்னதையே ஆதரித்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம்: ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டால், திட்டத்தின் விவரத்தைப் பார்த்துத்தான் என்றார்கள். கட்சியைப் பார்த்து முடிவெடுப்பது மற்றவர்கள், அதுவும் எதிர்முகாம்காரர்கள் என்றார்கள். நீங்கள் சொல்கிற ஆளும் பொய் சொல்லவில்லை, தானே யோசித்ததாகத்தான் அவருக்குத் தோன்றுகிறது.

பதில் 2:
அது ஆய்வுக்கூடச் சோதனை, நிஜத்தில் வேறு மாதிரி இருக்கும் என்பவர்களுக்கு டென்மார்க் நல்ல உதாரணம். 2010ல் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக் காலத்தை 4 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைத்தார்கள். அதுவரை எதிர்த்துவந்த டேனிஷ் மக்கள் கட்சி திடீரென்று ஆதரவுப் பக்கம் தாவியது. ஸ்லோதூஸ், பிஸ்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆட்களிடம் முன்பும் பின்பும் கருத்துக் கேட்டு வைத்திருந்தார்கள். கட்சி மாறியதும் ஆதரவாளர்களும் கூடவே நகர்ந்திருந்தார்கள். அந்தக் கட்சிக்குத் தொழிலாளர் ஓட்டு அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். தங்களுக்கே நஷ்டம் வரக்கூடிய விஷயம் அது.

பதில் 3:
ரெண்டு பேரும் வாக்காளரை ரொம்பக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். ஜான் புல்லக்கின் 2011 ஆய்வில், திட்டத்தின் விவரத்தைப் போதுமான அளவு கொடுத்தால் கட்சிப் பெயருக்கு ஈடாக அதுவும் முடிவைப் பாதிக்கிறது என்று வந்தது. வேலை, குடும்பம் என்று ஓடுகிற ஒருவர் எல்லா மசோதாவையும் உட்கார்ந்து படிக்க முடியாது, நம்பிக்கையான கட்சி சொல்வதைக் கேட்பது சோம்பேறித்தனம் ஆகாது. அப்புறம், மனசில் ஆழமாக ஊன்றிய விஷயம் என்றால் வாக்காளர்தான் கட்சியை விட்டுப் போவார். டெமாக்ரடிக் கட்சி ஆட்சியில் வந்த, இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கத் தென்மாநில வெள்ளையர்கள் அந்தக் கட்சியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகினார்களே. கட்சி சொன்னது என்பதற்காக இன வேற்றுமையை அவர்கள் விட்டுவிடவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் நமக்கு ஏற்கெனவே அழுத்தமான கருத்து இல்லாத விஷயங்களில், அதாவது வரி, காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றில்தான் கட்சியின் கை ஓங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
பெரும்பாலும் சரி. எல்லாரும் மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2006ல் கொண்டுவந்தவர் ரிபப்ளிகன் ஆளுநர் மிட் ராம்னி. அதே விதி 2010ல் டெமாக்ரடிக் அதிபர் ஒபாமாவின் நாடு தழுவிய சட்டத்தில் வந்தபோது, நாடாளுமன்றத்தின் இறுதி வாக்கெடுப்பில் ஒரு ரிபப்ளிகன் உறுப்பினர்கூட ஆதரிக்கவில்லை. அவர்களுடைய வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோரும் எதிர்ப்பக்கமே நின்றார்கள்.