கணினிவழிப் பொருளறிவியலில் பிஎச்டி: பேராசிரியருக்கு முதல் மெயிலில் என்ன எழுதுவது?

சிலிக்கான்_வாசகன்:
எம்எஸ்சி இயற்பியல் கடைசி ஆண்டு. ப்ராஜெக்டில் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற கணக்கீட்டு மென்பொருள் கொண்டு ஒரு ஆக்சைடின் பேண்ட் கேப் (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) கணக்கிட்டிருக்கிறேன். பேப்பர் எதுவும் வெளியாகவில்லை. பேராசிரியர்கள் கவனிக்கும்படி மெயில் எழுதுவது எப்படி?

கே_பாயிண்ட்:
முதலில் அவருடைய ஆய்வுக்குழுப் பக்கத்தைப் படியுங்கள். மாணவர் எடுக்கிறாரா, மெயிலில் என்ன இருக்க வேண்டும் என்று பலர் அங்கேயே எழுதியிருப்பார்கள்.

"டிஎஃப்டி தெரியும், லாம்ப்ஸ் தெரியும்" என்று முறை, மென்பொருள் பெயர்களின் பட்டியல் வேண்டவே வேண்டாம். இன்புட் ஃபைலை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிகிறதா, அதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் ஆக்சைடையே நாலைந்து வரியில் சொல்லுங்கள்: என்ன கேள்வி, எந்த ஃபங்ஷனல் (எலக்ட்ரான்களின் இடைவினைக்கு எடுத்துக்கொள்ளும் தோராயம்), கட்ஆஃபையும் (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு) கே-பாயிண்ட் வலையையும் (எலக்ட்ரான் நிலைகளைக் கணக்கிடும் புள்ளிகளின் வலை) எப்படி முடிவு செய்தீர்கள், சோதனை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியது, ஏன். பிபிஇ என்ற பரவலான ஃபங்ஷனல் பொதுவாகவே பேண்ட் கேப்பைக் குறைத்துக் காட்டும். சிலிக்கானுக்கு அளந்த மதிப்பு 1.1 எலக்ட்ரான் வோல்ட். பிபிஇ தருவது 0.6 அளவில்தான். இந்த விலகலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், வாசிப்பவருக்கு நம்பிக்கை போய்விடும்.

பிறகு அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றை எடுத்து, அதில் உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வி ஒன்று. புகழ்ச்சி வேண்டாம். சிவியை பிடிஎஃப்பாக இணையுங்கள்.

வடக்கு_வாசல்:
நாட்டுக்கு நாடு வழி மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் துறைக் குழுதான் சேர்க்கையை முடிவு செய்யும். கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர். எனவே செப்டம்பர், அக்டோபரில் மெயில் அனுப்பலாம். ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற இடங்களில் பல பிஎச்டி இடங்கள் வேலை விளம்பரமாகவே வரும். அங்கே மெயில் மட்டும் போதாது, விளம்பரத்துக்கு முறைப்படி விண்ணப்பிக்க வேண்டும்.

சிலிக்கான்_வாசகன்:
நன்றி. கட்ஆஃப் 60 ரைட்பெர்க்கில் (ஆற்றல் அலகு) மொத்த ஆற்றல் நிலைத்துவிட்டது, அதாவது கட்ஆஃபை உயர்த்தினாலும் மாறவில்லை. அதை எழுதினால் போதுமா?

ஈகட்ரோ:
போதாது. நீங்கள் சொல்லப்போவது பேண்ட் கேப் என்றால் பேண்ட் கேப்தான் நிலைக்க வேண்டும். படிகத்தின் செல்லையும் ரிலாக்ஸ் செய்திருந்தால், அதாவது ஆற்றல் குறையும்படி அதன் அளவை மாறவிட்டிருந்தால், ஸ்ட்ரெஸ்ஸையும் (தகைவு) பாருங்கள்; அது நிலைக்க இன்னும் உயர்ந்த கட்ஆஃப் கேட்கும். சூடோபொட்டென்ஷியல் (அணுக்கருவும் உள் எலக்ட்ரான்களும் சேர்ந்த விளைவுக்கு வைக்கும் எளிய மாற்று) என்ன வகை? அல்ட்ராசாஃப்ட் என்ற வகை என்றால் சார்ஜ் டென்சிட்டியின் (எலக்ட்ரான் அடர்த்தி) கட்ஆஃபைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குவாண்டம் எஸ்பிரெசோ தானாக 4 மடங்கு, அதாவது 240 ரைட்பெர்க் வைத்துக்கொள்ளும். அல்ட்ராசாஃப்டுக்கு வழக்கமாக 8 முதல் 12 மடங்கு வேண்டும். இது குறைந்தாலும் கணக்கு எரர் இல்லாமல் முடிந்துவிடும், அதுதான் ஆபத்து. சரிபார்த்தபின் இன்புட், அவுட்புட் ஃபைல்களை கிட்ஹப்பில் ஏற்றி மெயிலில் லிங்க் கொடுங்கள்.