உயரமான பிளான்டட் டேங்குக்கு எந்த லைட் வாங்குவது?

ஏஞ்சல்பிரியன்:
வணக்கம் மக்களே. 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் பிளான்டட் டேங்க், அதாவது உள்ளே செடியும் வளர்க்கும் மீன் தொட்டி, செய்யக் கொடுத்திருக்கிறேன். ஏஞ்சல் மீன் வளர்க்கத்தான் இந்த உயரம், ஹாலில் நீளமாக வைக்க இடமும் இல்லை. மண் 3 இன்ச், மேலே 2 இன்ச் காலி விட்டாலும் இரண்டடிக்கு மேல் தண்ணீர் நிற்கும். கடையில் கேட்டால் 2 அடி டேங்குக்கு 2 அடி லைட், 30 வாட் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். உயரம் எவ்வளவு என்று யாரும் கேட்கக்கூட இல்லை. கீழே மான்டி கார்லோ (தரையில் புல் போலப் படரும் செடி) படர விட ஆசை, பின்னால் உயரச் செடிகள். செடிகளுக்கு சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) விடும் எண்ணம் இல்லை. 50 வாட் ஃபிளட் லைட் மாட்டினால் சரிவருமா?

கொளத்தூர்வாசி:
வாட் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள் ப்ரோ, அது டியூப்லைட் காலத்துக் கணக்கு. எல்இடியில் வாட் என்பது கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று மட்டும்தான் சொல்லும், மண்ணில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லாது. அதற்குப் பார் (PAR) அளவு, அதாவது செடிக்குப் பயன்படும் வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்ற அளவு, பார்க்க வேண்டும். சுலபமாக வளரும் செடிகளுக்கு மண் மட்டத்தில் 15 முதல் 30 போதும், தரையில் அடர்ந்து படர வேண்டுமென்றால் 50 பக்கம் வேண்டும்.

தண்ணீர் வெளிச்சத்தைக் குடித்துவிடும் என்பார்கள், தெளிந்த தண்ணீரில் இரண்டடிக்குப் பெரிதாக ஒன்றும் குறையாது. (மரக்கட்டைச் சாயம் இறங்கித் தண்ணீர் டீ நிறமானால் அது வேறு கதை.) வெளிச்சம் வீணாவது பெரும்பாலும் தண்ணீரைத் தொடும் முன்னால், பக்கவாட்டில் சிந்தித்தான். உள்ளே போனதில் பெரும்பகுதி கண்ணாடியில் பட்டு மறுபடி உள்ளேயே திரும்பும். ஃபிளட் லைட் 120 டிகிரிக்கு விரிகிறது, அதை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டால் பாதி வெளிச்சம் உங்கள் சோபாவுக்குத்தான். மாட்டுவதென்றால் தண்ணீருக்கு நாலைந்து இன்ச் மேலே மாட்டுங்கள், நடுவில் மூடிக் கண்ணாடி கட்டாயம், எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள்.

பாசிப்பகை:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் மான்டி கார்லோ ஆசையைக் கைவிடுங்கள் என்று யாராவது நேராகச் சொல்ல வேண்டுமே. அடியில் 50 வர வைக்கிறீர்கள் என்றால் நடுவில் அதைவிடக் கூடவும், லைட்டுக்குப் பக்கத்தில் மேல்மட்டத்தில் பல மடங்கும் அடிக்கும். சிஓ2 இல்லாமல் அவ்வளவு வெளிச்சத்தைச் செடி என்ன செய்யும்? பாசிதான் தின்னும். கண்ணாடியெல்லாம் பச்சைப் புள்ளி, இலை ஓரமெல்லாம் கறுப்பு முடி. அப்புறம் இரண்டரை அடி ஆழத்தில் தோள் வரை கையை விட்டு அந்தப் புல்லை யார் வெட்டுவது?

உயர டேங்கில் வெளிச்சத்தைக் கீழே தள்ளப் போராடுவதைவிடச் செடியை மேலே ஏற்றுவது எளிது. நெட்டையான கட்டை ஒன்றை நிறுத்தி அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகள் இரண்டையும் அதில் நடு உயரத்தில் கட்டுங்கள். மண்ணில் கிரிப்டோகோரைன் வென்டி, இலங்கையில் ஓடைகளில் வளர்வது, மங்கல் வெளிச்சமே போதும். பின்னால் வாலிஸ்னேரியா நட்டால் அதுவாகவே மேல்மட்டம் வரை எட்டிவிடும், ஏஞ்சலும் அதன் நடுவில்தான் நிற்க விரும்பும். மிதக்கும் செடி மட்டும் வேண்டாம், இருக்கிற வெளிச்சத்தையும் மறைத்துவிடும்.

ஏஞ்சல்பிரியன்:
சரி, மான்டி கார்லோ போச்சு. கிரிப்டோ, வாலிஸ்னேரியா என்றால் ஃபிளட் லைட்டே போதுமா, இல்லை டிராக் லைட் நல்லதா? வெளிச்சத்தை அளக்க வழி உண்டா? பார் மீட்டர் விலையைப் பார்த்தேன், டேங்கைவிட அதிகம்.

கொளத்தூர்வாசி:
இந்தச் செடிகளுக்குத் துணிக்கடையில் மாட்டும் டிராக் லைட் இரண்டு வாங்குவதுதான் என் ஓட்டு. வெளிச்சம் எவ்வளவு விரிய வேண்டும், 24 டிகிரி லென்ஸா, 36 டிகிரியா என்று கடையில் கேட்பார்கள். தண்ணீருக்கு ஓரடி மேலே வைத்தால் 24 டிகிரி அடியில் ஓரடி வட்டம்தான் தரும், மூலையெல்லாம் இருட்டு. 36 என்றால் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடவே வரும், இரண்டு போட்டால் உங்கள் டேங்க் அடங்கிவிடும். நிறம் 6500 கெல்வின், கடையில் கூல் டே லைட் என்று கேளுங்கள். மஞ்சள் லைட்டிலும் செடி வளரும், பார்க்கத்தான் நன்றாக இராது.

அளக்க போன் போதும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் ஆப் போட்டு, முன்பக்கம் மேலே பார்க்க டேங்கின் அடியில் வையுங்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 70ஆல் வகுத்தால் ஏறக்குறைய பார் கிடைக்கும். 2000 லக்ஸ் காட்டினால் 28 பக்கம், கிரிப்டோவுக்கு அது தாராளம். போனுக்குப் போன் மாறும், அதனால் நடுவிலும் நாலு மூலையிலும் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

பாசிப்பகை:
டைமரும் சேர்த்து வாங்குங்கள். முதல் மாதம் தினமும் 6 மணி நேரம் லைட், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். செடி வேர் பிடித்துப் புது இலை விட்ட பிறகு 8 ஆக்கலாம். கிரிப்டோ நட்ட புதிதில் இலையெல்லாம் கரைந்து போகும், உடனே லைட் பத்தவில்லை என்று ஏற்றிவிடாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் திரும்ப வரும்.