வாட்டர்கிரஸ்: ‘நீர்க்கீரை’யா, ‘ஓடைக்கடுகா’?

வணக்கம்.

ஓடைநீரில் வளரும் கீரையான வாட்டர்கிரஸ் (watercress) செடிக்கு நம் சொற்பட்டியலில் எந்தத் தமிழ்ப் பெயரைத் தலைச்சொல்லாக வைப்பது என்ற உரையாடலில், ‘நீர்க்கீரை’ என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். எளிய சொல்தான், ஆனால் ஈரத்தில் வளரும் எந்தக் கீரைக்கும் அது பொருந்திவிடும். சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் கங்குங், அதாவது வள்ளைக்கீரை, நீரில் படர்வது. வல்லாரையும் பொன்னாங்காணியும் ஈரநிலத்தை விரும்புபவை. ‘நீராரை’யோ ஏற்கெனவே ஆரைக்கீரைக்கு வழங்கும் பெயர்.

சொல்லப்பட்ட இன்னொரு பெயரான ‘சலாதுக்கீரை’யையும் என்னால் ஏற்க இயலவில்லை; சலாது (salad) என்பது பச்சையாக உண்ணும் இலைக்கலவை. சலாது என்று கேட்டால் நம் மரக்கறிக் கடைக்காரர் லெட்டியூஸைத்தான் எடுத்துத் தருவார். அதைவிடப் பெரிய தடையும் உண்டு. ஆடுமாடுகள் மேயும் இடத்து நீரில், ஈரலைத் தாக்கும் ஒட்டுண்ணியான ஈரல் தட்டைப்புழுவின் இளம்பருவம் நத்தையிலிருந்து வெளியேறி, நீர்ச்செடிகளின் இலையிலும் தண்டிலும் ஒட்டிக் கூடுகட்டிக்கொள்ளும். வெறுமனே அலசுவதால் அது முழுதாக நீங்காது. காட்டில் பறித்த வாட்டர்கிரஸைப் பச்சையாகத் தின்பது அப்புழு மனிதருக்குத் தொற்றும் வழிகளுள் ஒன்றென நன்கு அறியப்பட்டிருக்கையில், பச்சையாகத் தின்னத் தூண்டும் பெயரை நாமே சூட்டுவது முறையன்று. மாடு இறங்கும் ஓடையில் பறித்ததை நன்றாக வேகவைத்து உண்பதே நல்லது.

என் பரிந்துரை ‘ஓடைக்கடுகு’. இலங்கை மலையகத்தில், நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் இதைப் பறித்தவர்கள் அறிவார்கள்: தண்டை ஒடித்தால் உள்ளே துளை; கணுக்கள்தோறும் வெள்ளை வேர்; நுனியில் நான்கிதழ் வெண்பூக்கள்; பிறகு மெல்லிய நெற்றுகள். பூவையும் நெற்றையும் பார்த்தாலே இது கடுகுக் குடும்பம் என்பது விளங்கும். நாய்க்கடுகு என்னும் களைச்செடி பெயரில் மட்டுமே கடுகு. இதுவோ குடும்பத்தாலும் கடுகுதான். சுவையும் அதற்குச் சாட்சி. முழு இலையில் அந்தக் காரம் இராது; மெல்லும்போது திசு நசுங்கி, குளுக்கோசினோலேற்றுகள் என்னும் கந்தகச் சேர்மங்களை நொதியம் சிதைத்த பிறகே மூக்கில் ஏறும். வேகவைத்தால் காரம் தணிவதும் நொதியம் செயலிழப்பதால்தான்.

இதன் பேரினப் பெயரான நஸ்டர்சியத்தை அப்படியே எழுதிவிடலாம் என்ற யோசனை, பூந்தோட்டங்களில் செம்மஞ்சளாகப் பூக்கும் கொடியோடு குழப்பத்தையே உண்டாக்கும். அக்கொடி தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, குடும்பமும் வேறு.

‘ஓடை’ வேண்டாம், தேயிலைத் தோட்டத்தில் எல்லாரும் ‘கான்’ என்றுதானே சொல்கிறோம் என்று இங்குள்ள நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் ‘கான்கடுகு’ என்றால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் காட்டுக் கடுகு என்றே கொள்வார்கள். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) சாக்கடைக்கும் நாம் கான் என்பதால், உண்ணும் பொருளுக்கு அது உகந்ததுமன்று. ஆகவே தலைச்சொல் ‘ஓடைக்கடுகு’ என்றிருக்கட்டும், விளக்கத்தில் ‘ஓடும் குளிர்நீரில் வளரும், கடுகுக் குடும்பத்துப் பல்லாண்டுக் கீரை, காட்டில் பறித்ததை வேகவைத்தே உண்ண வேண்டும்’ என்று சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.