புதுப்பிப்பு: வார இறுதி நடை மட்டும் போதுமா?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள நான், சனி ஞாயிறுகளில் மட்டும் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நெடுநேரம் நடந்தால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பலதுறை மருந்தகத் தாதியிடம் விசாரித்தேன்; போதாதாம்.

தசை இயங்கும்போது குளூட்4 என்னும் கடத்திகள் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து, இன்சுலினை எதிர்பாராமலேயே குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. பிறகு இன்சுலினுக்குத் தசை கூடுதலாகச் செவிசாய்ப்பதும் 24 முதல் 72 மணி நேரம் வரைதான். ஞாயிறு நடந்த பலன் புதனுக்குள் கரைந்துவிடும். அதனால்தான் வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சியைக் குறைந்தது 3 நாட்களுக்குப் பிரிக்கவும், தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதிருக்கவும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது.

இப்போது வேலை முடிந்ததும் பூங்கா இணைப்புப் பாதையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வேகநடை. மழை வந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மாடிப்படி (முழங்கால் முணுமுணுக்கிறது, முணுமுணுக்கட்டும்).

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிபிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை திடீரென இறங்கலாம், பையில் இனிப்பு இருக்கட்டும். எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை காட்டுவது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்பதால், என் எண் மாறியதா என்று எழுத இன்னும் காலம் வேண்டும்.