காணாமப் போன நாயை வீட்டுல சேர்த்த அனுபவம் (மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரம்)

லிந்தாங்_ரோட்டுக்காரன்

போன மழைக்காலத்துல நடந்தது. இன்னும் மனச விட்டுப் போகல.

தோட்டத் தொழிலாளிங்க இருந்த லயத்து வீட்டு வரிசைகள இடிச்சுட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டாங்களே, அந்த எடம். மூணாவது வரிசையில சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கும். அதுல ஒரு செவலை நாய் வந்து படுத்துக்கிச்சு. காது நுனி கிழிஞ்சிருந்துச்சு, கழுத்துல நீலக் கயிறு. சோறு வச்சா நாங்க தள்ளிப் போன பிறகுதான் திங்கும். கூப்பிட்டா வராது. செம்பனைக் குலை வெட்டுற வங்காளதேசத் தம்பி ஒருத்தரு தன் சாப்பாட்டுல பாதிய தினம் அதுக்கு வச்சிருக்காரு. "அபாங், இது ஆளத் தேடுது"ன்னு மலாய்ல அவருதான் முதல்ல சொன்னாரு.

படம் எடுத்து வாட்ஸ்அப்புல போட்டேன். டவுன் மலிவு வீட்டு ஃபிளாட்டுக்கு மாறிப்போன ஒரு குடும்பத்தோட நாய்னு தெரிஞ்சுச்சு. பெரிய ரோட்டத் தாண்டி அவ்வளவு தூரம் தனியா நடந்து வந்துருக்கு. முதல்ல அந்த வீட்டு மகன் மோட்டார்ல வந்தாரு. நாய் தலையத் தூக்கிப் பாத்துச்சு, எந்திரிக்கல. உங்க நாய்தானான்னு நானே கேட்டேன்.

மறுநாள் அவரோட அம்மாவ, அந்த வீட்டுப் பாட்டிய கூட்டிட்டு வந்தாரு. ஓடிவந்து மேல தாவும்னு நின்னுக்கிட்டிருந்தோம். அது தாவல. பாட்டியோட சிலிப்பர மோந்துட்டு, திரும்பி நடந்து, தரையில ஒரு ஓரமா போய் நின்னுச்சு. வாலாட்டிக்கிட்டு பாட்டியத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. "அடுப்படிக் கதவு அங்கதான்யா இருந்துச்சு"ன்னாங்க பாட்டி. கதவத் தொறக்கச் சொல்லி நிக்குது. பாட்டி அந்த எடத்துக்குப் போய், வாசல்படி இருந்த மாதிரியே காலத் தூக்கி வச்சு உள்ள போனாங்க. அப்புறம்தான் அது பின்னாடியே வந்து அவங்க காலடியில உக்காந்துச்சு.

மோட்டார்ல வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த ஃபிளாட்டுல நாய் வைக்க விடமாட்டாங்களாம், ஒளிச்சுத்தான் வச்சிருக்காங்க. நான் செஞ்சது அதுக்கு நல்லதான்னு எனக்கு இன்னும் பிடிபடல.

பூவரசி

அண்ணே, நல்லதுதான் செஞ்சீங்க. பாட்டிய ஒரு தடவ பாக்கவாச்சும் அது குடுத்து வச்சிருந்துச்சு.

எங்க ரோஸி சீனப் பெருநாள் எட்டாம் நாள் ராத்திரி ஓடிருச்சு. பன்னிரண்டு மணிக்கு சீனக்கம்பத்துல வெடி வெடிப்பாங்க, தெரியும்ல. சங்கிலியோட வளையம் பிஞ்சு கிடந்துச்சு. பேரச் சொல்லிக் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. அப்பாதான் யோசிச்சாரு. அவரோட பழைய ஈஎக்ஸ்5, சைலன்சர் ஓட்டையான மோட்டாரு, அது தெருமுனைக்கு வந்தாலே ரோஸி கேட்டுக்கு ஓடும். விடியக்காலம், தெருவுல வண்டி இல்லாத நேரமாப் பாத்து, இஞ்சின ஓட விட்டுக்கிட்டே சந்து சந்தா மெதுவாத் தள்ளிட்டுப் போனாரு. தவ்ஃபூ செய்யிற வீட்டுக்கு முன்னாடி ஒரு லோரி நின்னுச்சு. அதுக்கு அடியிலேருந்து மூக்கு மட்டும் வெளிய வந்துச்சு. உடம்பெல்லாம் கிரீஸ். அப்பா அந்த ரோட்டுலயே உக்காந்துட்டாரு. அந்த வீட்டுச் சீன ஆண்டி ஒரு மூடியில தண்ணி கொண்டாந்து வச்சாங்க. நாய்க்கு வச்சுட்டு அப்பாவுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தாங்க.

கத்தாதீங்க. அதுக்குப் பழகின சத்தத்தக் காட்டுங்க. நான் சொல்றது அவ்வளவுதான்.

குலை_லோரி

தங்கச்சி, அது டவுனுக்குச் சரி. தோட்டத்துக்குள்ள இஞ்சின் சத்தத்த நம்பாதீங்க. நாள் பூரா எங்க லோரி ஓடுது, டிராக்டர் ஓடுது, நாய் எதத்தான் கேக்கும்?

காட்டுக்குள்ள போன நாய் திரும்பலன்னா பன்றிக் கண்ணியத்தான் முதல்ல நினைக்கணும். மில்லுக்கு குலை ஏத்திட்டுப் போறப்ப, ஓரமா மூச்சு இழுக்கிற சத்தம் மாதிரி கேட்டுச்சு. எறங்கிப் பாத்தா கருப்பு நாய், இடுப்புல கம்பி. இழுக்க இழுக்க இறுகியிருக்கு. பிளையர எடுத்துட்டுக் கிட்டப் போனதும் என் மணிக்கட்ட வாயில பிடிச்சிருச்சு. கடிக்கல. நான் கம்பிய நறுக்கி முடிக்கிற வரைக்கும் பல்லு தோல்ல பட்டுக்கிட்டே இருந்துச்சு, அழுத்தவே இல்ல. அந்தப் பல்லு பட்ட எடம் எனக்கு இப்பவும் தெரியுது.

கழுத்துத் தகட்டுல போன் நம்பர் இருந்துச்சு. செம்மோர்லேருந்து குடும்பமே வந்துட்டாங்க.

லிந்தாங் அண்ணே, மகன் வந்தப்ப உங்க நாய்தானான்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் சரி. இனிமே யாரு வந்தாலும் பழைய படம் கேளுங்க. என் நாய்னு சொல்லி வாங்கிட்டுப் போய் விக்கிறவன் இருக்கான்.

தோட்டப்பள்ளி_வாத்தியார்

என் கதை சிறியது. எங்கள் மணி இடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தான். காலையில் பாதுகாவலர் என்னைக் கூப்பிட்டார். மலாய்க்காரர், நாயைத் தொடமாட்டார். ஆனால் அது வெளியே ஓடிவிடக்கூடாது என்று இரவெல்லாம் கேட்டைப் பூட்டி வைத்துக் காவல் இருந்திருக்கிறார். ஆகவே தேடும்போது நாய் வளர்க்காத வீடுகளிலும் கேளுங்கள். நாயை அதிகம் கவனிப்பது அவர்கள்தான்.

வேறு சில விஷயங்களும் சொல்லியாக வேண்டும். பயந்த நாயைத் துரத்தாதீர்கள், சொந்தக்காரரையே அதற்கு அடையாளம் தெரியாமல் போகலாம். பக்கவாட்டாக உட்கார்ந்து, கண்ணைப் பார்க்காமல் காத்திருங்கள். கடைசியாகக் கண்ட இடத்தில் நீங்கள் உடுத்திய, துவைக்காத கைலியையும் தண்ணீரையும் வையுங்கள். சாக்கடைக் கான்களிலும் பாலத்துக்கு அடியிலும் பாருங்கள். செம்பனைக்குள் திரிந்துவிட்டு வந்த நாய் என்றால், மரத்தடியில் வைக்கும் எலி மருந்துக் கட்டியைத் தின்றிருக்கலாம். அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. கம்பி அறுக்கப் போகும் தம்பி போன்றவர்கள், பல் கீறிவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கில் வெறிநாய்க்கடி வந்தபோது கட்டிவைக்காத நாய்கள் எத்தனை பிடிபட்டன! அடையாளம் இல்லாத நாய்க்காக அன்று யாரும் பேச முடியவில்லை.

அதனால்தான் நகராண்மைக் கழக நாய் உரிமத்தை ஆண்டுதோறும் எடுங்கள். நாய்க்கு அடையாள எண் உள்ள மைக்ரோசிப் போடுங்கள். தோளெலும்புகளுக்கு நடுவே தோலுக்கடியில் போடுவார்கள், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது, 15 இலக்க எண். நாய் இருக்கும் இடத்தை அது காட்டாது. கருவியை வைத்துப் படித்தால்தான் எண் வரும், அந்த எண்ணோடு உங்கள் இப்போதைய கைப்பேசி எண் பதிவாகியிருக்க வேண்டும். வீடு மாறுகிறவர்கள் அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போகும்போது நாயை விட்டுவிட்டுப் போகவும் கூடாது. 2015 விலங்கு நலச் சட்டத்தில் வதைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் இருக்கிறது.

பூவரசி

வாத்தியார் ஐயா, கோவிச்சுக்காதீங்க. சொன்னதெல்லாம் உபயோகமானதுதான். ஆனா அந்தப் பாட்டி நாய விட்டுட்டுப் போகல, கூடத்தான் கூட்டிட்டுப் போயிருக்காங்க. லயத்த இடிச்சது அவங்களா? பால்மரம் சீவி அந்தத் தோட்டத்துலயே வாழ்ந்தவங்களுக்கு மாடியில ஒரு வீடு, அதுலயும் நாய் வைக்கக்கூடாது. அவங்ககிட்டப் போய் அபராதக் கணக்கு சொன்னா எப்படி? அண்ணன் கேட்டது சிப்பப் பத்தி இல்ல. இப்ப அந்த நாய் எங்க இருக்கணும்னு கேட்டாரு. அதுக்கு யாருமே பதில் சொல்லலியே.

தோட்டப்பள்ளி_வாத்தியார்

பாட்டியைச் சொல்லவில்லை அம்மா, பொதுவாகச் சொன்னேன். பாட்டி நாயோடு இருப்பதற்கு ஒரு தரை வீடு வேண்டும். அதைத்தான் தேட வேண்டும்.

லிந்தாங்_ரோட்டுக்காரன்

ஐயா சொன்னதத்தான் நானும் கேக்கலாம்னு வந்தேன். நேத்து மகன்கிட்டப் பேசினேன். கீழ் மாடிக்காரங்க புகார் கொடுத்துட்டாங்களாம். இப்போதைக்குத் தோட்டத்து முனியாண்டி கோயில்ல பூசாரி கட்டி வச்சிருக்காரு. பாட்டி தினம் மகன் மோட்டார்ல வந்து சோறு ஊட்டிட்டுப் போறாங்க. முழங்கால் வலியோட எத்தன நாளைக்கு முடியும்? டவுன்லயோ லிந்தாங் பக்கமோ நாய் வச்சிக்க விடுற தரை வீடு வாடகைக்கு இருந்தா சொல்லுங்க. பாட்டியும் மகனும் மட்டும்தான். வாடகை ஒழுங்காக் கொடுப்பாங்க, நான் பொறுப்பு.

குலை_லோரி

எங்க சித்தப்பா வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு ரூம் வீடு காலியா இருக்கு, வேலி போட்டது. ஆனா அங்க ஏற்கெனவே ஒரு கடுவன் நாய் இருக்கு. ஞாயித்துக்கிழம செவலைய கூட்டிட்டு வாங்க, ரெண்டும் சேருதான்னு பாப்போம். பாட்டியும் வரணும், அவங்க இல்லாம அது வராது.