பூத்துப்போன விஎச்எஸ் கேசட்டில் ஷோபனா ரவி, 'உடான்': கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி?

குளச்சல்_கடற்கரை:
ஈ-180 (மூணு மணி நேரம் ஓடுற) விஎச்எஸ் கேசட் மூணு இருக்கு. லேபிள்ல 'ஷோபனா ரவி நியூஸ்', 'போலீஸ் பொம்பள ஹிந்தி', 'சித்தி'ன்னு எழுதியிருக்கு. ஜன்னல் வழியா பாத்தா சுருளோட ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கு. டெக்குல (விசிஆர்ல) போடலாமா? டெக்குல ஓடுற படத்த கம்ப்யூட்டருக்குள்ள ஏத்துற யூஎஸ்பி கேப்சர் குச்சி கைவசம் இருக்கு.

தக்கலை_டெக்:
போட்டுராதீங்க அக்கா. பூசணம் டேப்போட ஓரங்கள ஒட்ட வச்சிருக்கும், இழுக்கும்போதே கிழியும். தூள் டிரம்முல (டெக்குக்குள்ள சுத்துற உருளை) ஏறிச்சுன்னா, அதுல இருக்க, டேப்ப படிக்கிற ஹெட் அடைச்சு படம் முழுக்க புள்ளிமழை. அதுக்குப்பிறவு போடுற நல்ல கேசட்டுக்கும் பரவும்.

முதல்ல காத்துப்புகாத டப்பால சிலிக்கா ஜெல் போட்டு ஒரு வாரம் வைங்க. கடக்கரை ஈரத்துல பூசணம் பிசுபிசுன்னு இருக்கும், காஞ்சாத்தான் உதிரும். பிறவு மாஸ்க் கட்டிக்கிட்டு, வீட்டுக்கு வெளிய வச்சு, அடிப்பக்கத்து அஞ்சு ஸ்க்ரூவையும் கழத்துங்க. கழத்துமுன்ன டேப் போற வழிய போட்டோ எடுத்துக்கிடணும், இல்லன்னா திரும்ப மாட்டும்போது முழிக்கணும். ஓரத்த மெல்லிசு பிரஷ்ஷால தட்டிட்டு, ரெண்டு சுருளையும் வேற சுத்தமான கூட்டுக்குள்ள மாத்துங்க. ஓட்டிப் பாக்க, போனா போகட்டும்னு ஒரு பழைய டெக்.

ஹெட்ட தொடைக்க 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால், மான்தோல் துண்டு. தோல அசைக்காம வச்சு டிரம்ம மட்டும் கையால சுத்துங்க. மேலயும் கீழயும் தேச்சா ஹெட் உடையும். காது குடையுற பஞ்சு ஆகவே ஆகாது, நார் மாட்டிக்கிடும்.

வடசேரி_பழசு:
'போலீஸ் பொம்பள'ன்னா 'உடான்' ஹிந்தி சீரியல்ல வர்ற கல்யாணி சிங்தான். 1989-91ல தூர்தர்ஷன்ல வந்தது. கவிதா சௌத்ரி எழுதி, இயக்கி, அவங்களே நடிச்சது. கதைக்கு மூலம் அவங்க அக்கா, ஐபிஎஸ் அதிகாரி காஞ்சன் சௌத்ரி. சர்ஃப் விளம்பரத்து லலிதாஜியும் இதே கவிதாதான். அதனால விளம்பர இடைவேளைய வெட்டிராதீங்க, சில சமயம் அதுதான் கேசட்டுலயே அரிய சாதனம்!

'சித்தி' 1999-2001, சன் டிவி. ராதிகா கேசட் மத்த ரெண்டவிட புதுசு, அதையே முதல்ல செஞ்சு கை பழகுங்க. ஷோபனா ரவி சென்னை தூர்தர்ஷன். நம்ம பக்கம் பாதி ஆண்டனா திருவனந்தபுரத்தப் பாத்து நின்ன காலம். தூரத்து சிக்னல் பிடிச்சுப் பதிஞ்சிருந்தா புள்ளி அந்தப் பதிவுலயே இருக்கும். அதுக்கு ஹெட்ட எத்தன தடவ தொடச்சாலும் போவாது.

தக்கலை_டெக்:
கேப்சர்: பல குச்சி என்டிஎஸ்சில (அமெரிக்க டிவி முறை) நிக்கும். நம்ம ஊரு டிவி முறையான பால்-பிக்கு (PAL-B) மாத்தலன்னா படம் உருளும், இல்லன்னா கறுப்பு வெள்ளையா வரும். 720×576, நொடிக்கு 25 பிரேம், இன்டர்லேஸ் (ஒத்த வரி, ரெட்ட வரின்னு ஒரு பிரேம் ரெண்டு ஃபீல்டா பிரிஞ்சு வர்றது) அப்படியே இருக்கட்டும். தரம் குறையாம சுருக்குற ஹஃப்ஒய்யூவி (HuffYUV) கோடெக்குல ஒரு மணி நேரப் பதிவுக்கு 30 ஜிபி கிட்ட போகும், இடம் பாத்துக்கிடுங்க. ரெண்டு ஃபீல்டையும் ஒண்ணாக்குற டீஇன்டர்லேஸ பிறவு காப்பில செய்யுங்க, அப்ப 'மேல் ஃபீல்ட் முதல்ல'ன்னு வைங்க.

குளச்சல்_கடற்கரை:
சரி அண்ணாச்சி. சத்தம் உதட்டுக்குப் பிந்தி வந்தா?

தக்கலை_டெக்:
கேப்சர் பண்ணும்போது நடுவுல பிரேம் விட்டுப்போவுது. டெக்குக்கும் குச்சிக்கும் நடுவுல பழைய டிவிடி ரெக்கார்டர் ஒண்ணு மாட்டுங்க, அனேகமா சரியாயிரும். 4:3ய அகலத்திரைக்கு இழுக்காதீங்க. அடியில அஞ்சாறு வரி நெளியும், அது ஒரு ஹெட்டுலருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறுற இடம், பழுதில்ல. கறுப்பு பட்டை போட்டு மறச்சிருங்க.