பழைய மாருதி ஜிப்ஸி: கோளாறு பிரேக்கிலா, ஹவுசிங்கிலா? உங்கள் அனுபவம்?

வால்பாறைக்காரன்:
1998 மாடல், 1.3 இன்ஜின். பின்பக்க இடது டிரம்மில் ஈரம், பிரேக் சரியாகப் பிடிக்காது. இரண்டு மெக்கானிக்குகள் பார்த்து, பிரேக் ஆயில் கசிவு என்று, டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரை இரண்டு முறை மாற்றியாயிற்று. மூன்றாம் முறை ஆழியாறு இறங்கும்போது 9ஆம் வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் நிறுத்தினேன். பின் சீட்டில் இருந்த அம்மா, "என்னடா, அழுகின பூண்டு மாதிரி நாறுது" என்றார். இறங்கி ரிம்மின் உள்பக்க ஈரத்தை விரலில் தொட்டு மோந்தேன். அதே நாற்றம். பிரேக் ஆயில் இப்படி நாறாது, இப்படி வழவழவென்றும் இருக்காது. ஹவுசிங் ஆயில்! பின் ஆக்ஸிலை மூடிய இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் கியர் ஆயில்.

ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதர் (காற்றுத் துளை) சேற்றில் அடைத்திருந்தது. ஓட ஓட உள்ளே சூடாகிறது, காற்று வெளியேற வழியில்லை, அந்த அழுத்தம் ஆயிலை ஆக்ஸில் சீல் வழியாக டிரம்முக்குள் தள்ளுகிறது. பிரீதரைச் சுத்தம் செய்து, சீலும் லைனரும் புதிதாகப் போட்டதும் சரி. என்னை உறுத்துவது வேறு. அந்த ஈரத்தை இரண்டு முறையும் நானும்தான் குனிந்து பார்த்தேன். மோந்து பார்க்கத் தோன்றவில்லை.

மசினகுடி ரோடு:
எனக்கு நேர் எதிர். கல்லட்டி ஏறும்போது மழை, 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் கியர்) போட்டேன். மேலே ரோடு காய்ந்திருந்தது, மாற்ற மறந்துவிட்டேன். வளைவில் ஸ்டியரிங் கல்லாக இருக்கிறது, டயர் கீச்சிடுகிறது, வண்டி இழுக்கவே இல்லை. பிரேக் ஒட்டிக்கொண்டது என்றே நினைத்தேன். நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தால் எதிலும் சூடு இல்லை. 4எச் லீவரை இழுத்தால் வரவும் இல்லை. பத்தடி ரிவர்ஸ் எடுத்தேன். டக்கென்று விட்டது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முன் பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி, காய்ந்த ரோட்டில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொள்ளும் என்று அப்போதுதான் புரிந்தது.

பழைய இரும்பு:
மசினகுடி நண்பரே, சக்கரத்தைக் கையால் தொடுவதா? நிஜமாகவே பிரேக் ஒட்டியிருந்தால் தோல் உரிந்திருக்கும். நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள், எந்தச் சக்கரம் சொய்ங் என்கிறதோ அதுதான்.

என் கதை இரண்டு வரி. முன் வலது காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) ஒட்டியது, புதிது வாங்கிப் போட்டேன், மறுவாரமே ஒட்டியது. கோளாறு காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஓஸில்.

ஆகவே யாரும் உடனே காலிப்பர் வாங்காதீர்கள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விடுங்கள். சக்கரம் சுற்றவில்லையா, காலிப்பரில் ஆயில் வெளியேற்றும் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டால் பிரஷர் உள்ளே சிக்கியிருக்கிறது. திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பரின் பிஸ்டனோ, அது நகரும் கம்பியோ துருப்பிடித்திருக்கிறது. பிரஷர்தான் என்றால், நிப்பிளை மூடி மறுபடி மிதித்து ஒட்ட வையுங்கள். இம்முறை ஓஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கேயே விட்டால் பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். விடாவிட்டால் ஓஸ். உள்ளே ரப்பர் உப்பி, மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்ப விடாது. வெளியே பார்த்தால் புத்தம்புதிதாக இருக்கும். முடிந்ததும் ஏர் எடுக்க (குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற) மறக்காதீர்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் இழுத்துவிட்டால் அது 140க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில்...

வால்பாறைக்காரன்:
அண்ணே, என் வண்டியில் பின்பக்கம் டிரம். அங்கே காலிப்பரே கிடையாது.

கொல்லிமலை 70 வளைவு:
பிரேக் அடித்தால் அடியில் 'டங்'. லைனர் லூஸ் என்று டிரம்மை மூன்று முறை கழற்றினேன். ஒருநாள் கிளட்ச் விடும்போதும் அதே 'டங்' கேட்டது. அடியில் படுத்து, பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் ஷாஃப்டைக் கையால் திருகினேன். ஷாஃப்டின் பின்முனை மூட்டான கிராஸைச் சுற்றி, மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி சிவப்புத் துரு. கழற்றியபோது ஊசி பேரிங் ஒன்றுகூட முழுதாக இல்லை, தூளாகக் கொட்டியது. இதோடுதான் முந்தின வாரம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுபது வளைவும் இறங்கியிருக்கிறேன்.